குழந்தைக்கு அரசுக் காப்பீடு, வீட்டுக்குக் கம்பெனிக் காப்பீடு: வாசகர் கேள்வி–பதில்

ஓபன் என்ரோல்மெண்ட் (கம்பெனியில் ஆண்டுக்கு ஒருமுறை காப்பீட்டைத் தேர்ந்தெடுக்கும் காலம்) நெருங்கினால் அமெரிக்க வாசகர்களின் கடிதங்கள் பெரும்பாலும் ஒரே விஷயத்தைச் சுற்றித்தான் வரும்: கம்பெனிக் காப்பீட்டில் குடும்பத்துக்காகச் சம்பளத்தில் பிடிக்கும் பணம் கூடிக்கொண்டே போகிறது, பிள்ளைகளுக்கு அரசுக் காப்பீடு கிடைக்கும் என்கிறார்கள், மாறலாமா? பதிலுக்குப் போகுமுன் ஒரு வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். குறைந்த வருமானக்காரர்களுக்கான அரசுக் காப்பீடான மெடிகெய்ட் 1965-இல் வந்தது, சிப் என்கிற குழந்தைகள் காப்பீட்டுத் திட்டம் 1997-இல் வந்தது. கம்பெனிக் காப்பீடு இருக்கிற குழந்தைக்கும் மெடிகெய்ட் கிடைக்கும். மெடிகெய்டிலிருந்து தனியாக நடக்கும் சிப் கிடைக்காது. அதற்குக் குழந்தை வேறு காப்பீடு இல்லாமல் இருக்க வேண்டும். இரண்டையும் பல மாநிலங்கள் ஒரே பெயரில், ஒரே விண்ணப்பத்தில் நடத்துவதால் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் இடறுகிறார்கள்.

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். நான், மனைவி, 9 வயதிலும் 5 வயதிலும் பிள்ளைகள். என் ஒருவன் சம்பளம்தான், ஆண்டுக்கு 92,000 டாலர். குடும்பக் காப்பீட்டுக்கு மாதம் 610 டாலர் பிடிக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பிள்ளைகளை என்.ஜே. ஃபேமிலிகேரில் (எங்கள் மாநிலத்தின் அரசுக் காப்பீடு) போட்டிருக்கிறார், ஒரு காசு கட்டுவதில்லை என்கிறார். நானும் பிள்ளைகளைக் கம்பெனிக் காப்பீட்டிலிருந்து எடுத்துவிடலாமா? எங்கள் கம்பெனியின் மாதக் கட்டணம்: தனி ஆளுக்கு 120, மனைவியுடன் 340, பிள்ளைகளுடன் 300, குடும்பம் முழுவதற்கும் 610.

பதில்: கட்டணப் பட்டியலையும் சேர்த்து எழுதினீர்களே, அதுவே பாதி வேலையை முடித்துவிட்டது. முதலில் வருமானம். 2025-ஆம் ஆண்டுக் கணக்கில் நான்கு பேர் குடும்பத்துக்கு மத்திய வறுமைக்கோடு 32,150 டாலர். நியூ ஜெர்சி குழந்தைகளுக்கு இதில் 355 சதவீதம் வரை, அதாவது சுமார் 1,14,100 டாலர் வரை அனுமதிக்கிறது. (வறுமைக்கோட்டை ஆண்டுதோறும் ஜனவரியையொட்டி மாற்றுவார்கள். விண்ணப்பிக்கிற அன்று இருக்கும் எண்ணைப் பாருங்கள்.) கணக்கில் எடுப்பது உங்கள் முழுச் சம்பளத்தை அல்ல. வரிக்கு முன் பிடிக்கும் காப்பீட்டுக் கட்டணம், 401(கே) ஓய்வுக்காலச் சேமிப்பு எல்லாம் கழிந்த பிறகு நிற்கிற தொகையைத்தான். அதுவும் பெரும்பாலும் நடப்பு மாத வருமானம். போன ஆண்டு வரிப் படிவம் துணைச் சான்று மட்டுமே. ஆக, வருமானத்தில் உங்களுக்குச் சிக்கல் இல்லை.

சிக்கல் அடுத்த படியில். நியூ ஜெர்சியில் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு மெடிகெய்ட் 147 சதவீதத்தோடு முடிகிறது. நான்கு பேருக்கு அது சுமார் 47,260 டாலர். அதற்கு மேல் போனால் சிப். நீங்கள் நிற்பது சிப் பகுதியில். பிள்ளைகளின் பெயர் கம்பெனிக் காப்பீட்டில் இருக்கும்வரை அந்தக் கதவு திறக்காது. முதலில் இதை விட வேண்டும், பிறகுதான் அது.

விடுவதும் நினைத்த மாதத்தில் முடியாது. உங்கள் கட்டணம் வரிக்கு முன் பிடிக்கப்படுகிறது என்றால், அது வரிச் சட்டத்தின் 125-ஆம் பிரிவின்படி நடக்கும் ‘கஃபட்டீரியா’ திட்டம். ஆண்டுத் தொடக்கத்தில் செய்த தேர்வை நடுவில் மாற்ற, வரித்துறை விதியில் எழுதியிருக்கும் காரணங்களில் ஒன்று வேண்டும். குழந்தைக்கு மெடிகெய்ட் கிடைப்பது அந்தப் பட்டியலில் இருக்கிறது. சிப் இழப்பது இருக்கிறது. சிப் கிடைப்பது இல்லை! விதி எழுதியவர்கள் விட்ட ஓட்டையோ என்னவோ, ஏப்ரலில் போய் “பிள்ளைகளுக்கு சிப் வரப்போகிறது, பெயரை எடுங்கள்” என்று கேட்டால் எச்.ஆர். மறுப்பது சட்டப்படி சரிதான். எனவே உங்களுக்கு வழி ஓபன் என்ரோல்மெண்ட் மட்டுமே.

இப்போது மிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். பிள்ளைகளை எடுத்தால் நீங்கள் ‘மனைவியுடன்’ என்ற அடுக்குக்கு இறங்குவீர்கள்: 610 போய் 340. மாதம் 270 டாலர். ஆனால் அந்த 270-க்கு இதுவரை நீங்கள் வரி கட்டவில்லை, இனி கட்ட வேண்டும். உங்கள் வருமானத்துக்கு மத்திய வரி 12 சதவீத அடுக்கு, சமூகப் பாதுகாப்பு வரியும் மெடிகேர் (முதியோர் காப்பீடு) வரியும் சேர்ந்து 7.65. கையில் நிற்பது மாதம் சுமார் 217 டாலர். ஆண்டுக்கு 2,600 என்று வையுங்கள். இதோடு பிள்ளைகளின் கோ-பே (ஒவ்வொரு முறையும் நீங்கள் கட்டும் பங்கு), டிடக்டிபிள் (காப்பீடு கொடுக்கத் தொடங்குமுன் நீங்கள் கட்டும் தொகை) செலவு போன ஆண்டு எவ்வளவு ஆனது என்பதையும் கூட்டுங்கள். ஆஸ்துமா, அடிக்கடி காது வலி என்று ஓடுகிற வீட்டில் உண்மையான மிச்சம் அங்கேதான்.

இரண்டு பிள்ளைகளில் ஒருவருக்கு மட்டும் அரசுக் காப்பீடு கிடைக்கிற வீட்டில் இந்தக் கணக்கு தலைகீழாகும். குடும்ப அடுக்குக்கு ஒரே விலை. பிள்ளை ஒன்றானாலும் மூன்றானாலும் 610-தான். ஒருவரை எடுத்தால் ஒரு டாலர்கூடக் குறையாது.

செய்கிற முறை: கம்பெனியில் தேர்வு தொடங்கியதும், முடிகிற வாரம்வரை காத்திராமல், ஃபேமிலிகேருக்கு விண்ணப்பியுங்கள். “இப்போது காப்பீடு உண்டா” என்ற இடத்தில் உண்டு என்றே எழுதி, முடியும் தேதியாக டிசம்பர் 31 போடுங்கள். இல்லை என்று எழுதிவிட்டால் கணினிச் சரிபார்ப்பில் கம்பெனிக் காப்பீடு தெரிந்து விண்ணப்பம் தொங்கிவிடும். முடிவு சொல்ல அவர்களுக்கு 45 நாள் வரை அவகாசம் உண்டு. சம்பளச் சீட்டுகள், கம்பெனிக் காப்பீடு முடியும் தேதி போட்ட எச்.ஆர். கடிதம் இரண்டும் தயாராக இருக்கட்டும். விண்ணப்பம் எந்த நிலையில் இருக்கிறது, வருமானம் பொருந்துகிறதா என்று ஃபேமிலிகேரிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகே கம்பெனித் தேர்வில் கடைசிப் பொத்தானை அழுத்துங்கள். நீங்களாக எடுத்த பெயரை, சிப் மறுக்கப்பட்டது என்று சொல்லிப் பிப்ரவரியில் திரும்பச் சேர்க்க முடியாது. தானாக விட்ட காப்பீட்டுக்குச் சிறப்புச் சேர்க்கை கிடையாது. உள்ளதும் போச்சுடா நொள்ளைக் கண்ணா என்று ஆகிவிடும்.

கம்பெனிக் காப்பீட்டை விட்டவர்கள் சிப்புக்கு 90 நாள் வரை காத்திருக்க வேண்டும் என்ற விதி பல மாநிலங்களில் இருந்தது. நியூ ஜெர்சி அந்தக் காத்திருப்பையும் மாதக் கட்டணத்தையும் 2021-இல் எடுத்துவிட்டது. காத்திருப்பை நாடு முழுவதும் நீக்கச் சொல்லி மத்திய விதி 2024-இல் வந்தது. மற்ற மாநில வாசகர்கள் தங்கள் ஊர் நிலவரத்தைச் சிப் அலுவலகத்தில் கேட்டுவிட்டே கம்பெனிக் காப்பீட்டில் கை வையுங்கள்.

குழந்தை மருத்துவர் ஃபேமிலிகேரின் எந்தத் திட்டத்தை ஏற்கிறார் என்று அவரது பில்லிங் மேசையில் முன்கூட்டியே கேளுங்கள். ‘மெடிகெய்ட் எடுப்பீர்களா’ என்று பொதுவாகக் கேட்டால் போதாது, திட்டத்தின் பெயரைச் சொல்லிக் கேட்க வேண்டும். கோடை விடுமுறையில் ஊருக்குப் போகிறவர்கள் தனிப் பயணக் காப்பீடு எடுங்கள். அரசுக் காப்பீடு கடல் தாண்டாது.

கேள்வி: டெக்சஸில் இருக்கிறோம். என் மகளுக்கு மெடிகெய்ட் கிடைத்திருக்கிறது. கம்பெனிக் காப்பீட்டிலும் இருக்கிறாள். “மெடிகெய்ட் இருந்தால் எங்கள் காப்பீட்டில் இருக்கக் கூடாது, எடுத்துவிடுங்கள்” என்கிறார் எச்.ஆர். அம்மா. சரியா?

பதில்: தவறு. கம்பெனிச் சலுகைத் திட்டங்களுக்கான மத்தியச் சட்டமான எரிசாவின் 609-ஆம் பிரிவு இதை நேரடியாகத் தடுக்கிறது: ஒருவருக்கு மெடிகெய்ட் இருக்கிறது அல்லது கிடைக்கக்கூடும் என்பதை வைத்துக் கம்பெனிக் காப்பீட்டுத் திட்டம் சேர்க்கையையோ கொடுப்பதையோ மாற்றக் கூடாது. பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு மின்னஞ்சலில் கேளுங்கள். பெரும்பாலும் சிப் விதியையும் மெடிகெய்ட் விதியையும் குழப்பிக்கொண்டுதான் இப்படிச் சொல்வார்கள்.

இரண்டும் இருக்கும்போது கம்பெனிக் காப்பீடு முதலில் கொடுக்கும், மெடிகெய்ட் கடைசியில் கொடுக்கும். மருத்துவமனைக் கவுண்டரில் இரண்டு அட்டைகளையும் நீட்டுங்கள். கம்பெனிக் காப்பீடு தன் பங்கைக் கொடுத்துக் கணக்குச் சீட்டு அனுப்பிய பிறகு, மிச்சமிருக்கும் கோ-பே, டிடக்டிபிள் பகுதி மெடிகெய்டுக்குப் போகும். நடைமுறையில் மூன்று இடங்களில் இது சிக்கும். ஒன்று, மருத்துவர் கம்பெனி நெட்வொர்க்கில் இருப்பார், மெடிகெய்டில் பதிவு செய்திருக்க மாட்டார். அப்போது கோ-பே உங்கள் தலையில்தான். இரண்டு, கம்பெனிக் காப்பீடு முன் அனுமதி கேட்கும் சிகிச்சையை அது வாங்காமலே செய்துகொண்டால், மெடிகெய்டும் கையை விரித்துவிடும். மூன்று, மருந்துக் கடை. அங்கே கணினியில் ஒரு அட்டைதான் ஏறியிருக்கும். “இரண்டாவது காப்பீடும் இருக்கிறது, அதையும் போடுங்கள்” என்று நீங்கள்தான் நினைவூட்ட வேண்டும். 40 டாலர் கேட்ட மருந்து பெரும்பாலும் அந்த ஒரு வார்த்தையில் இறங்கிவிடும்.

டெக்சஸில் எச்.ஐ.பி.பி. என்று ஒரு ஏற்பாடும் உண்டு. வீட்டில் ஒருவர் மெடிகெய்டில் இருந்து, அவரைக் கம்பெனிக் காப்பீட்டில் வைப்பது அரசுக்கு மலிவாக முடியும் என்றால், சம்பளத்தில் பிடித்த பிரீமியத்தை அரசே திருப்பித் தரும். வேலையை விட்டாலோ கட்டணம் மாறினாலோ உடனே தெரிவிக்காவிட்டால் பணம் நின்றுவிடும்.

கேள்வி: கம்பெனி அனுப்பும் காப்பீட்டு ஆவணங்களில் ‘மெடிகெய்ட், சிப் பிரீமியம் உதவி’ என்று ஒரு தாள் ஆண்டுதோறும் வருகிறது. தூக்கிப் போடலாமா?

பதில்: ஒரு முறை படித்துவிட்டுப் போடுங்கள். 2009-இல் வந்த சட்டப்படி கம்பெனி கட்டாயம் தரவேண்டிய தாள் அது. பிரீமியம் உதவி தரும் மாநிலங்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கும். உங்களுக்கு அந்த உதவி கிடைத்தால், 60 நாளுக்குள் கேட்டு ஆண்டு நடுவிலும் கம்பெனிக் காப்பீட்டில் சேரலாம். அந்த உரிமைக்கு எழுத்துச் சான்று இந்தத் தாள்தான்.

கேள்வி: சிகாகோவிலிருந்து எழுதுகிறேன். சம்பளம் கூடியதால் என் இரு பிள்ளைகளின் அரசுக் காப்பீடு புதுப்பிக்கும்போது நின்றுவிட்டது. எச்.ஆரில் கேட்டால் “30 நாள் தாண்டிவிட்டது, நவம்பரில் வாருங்கள்” என்கிறார்கள். காப்பீடு நின்று 41 நாள் ஆகிறது.

பதில்: இன்றே எழுதுங்கள், உங்களுக்கு இன்னும் 19 நாள் இருக்கிறது. மற்றக் காப்பீடுகள் போனால், கல்யாணம் ஆனால், குழந்தை பிறந்தால் 30 நாள். மெடிகெய்டோ சிப்போ தகுதி போய் நின்றால் 60 நாள். எச்.ஆர். மென்பொருளில் எல்லாவற்றுக்கும் 30 என்று வைத்திருப்பார்கள், உட்கார்ந்திருப்பவரும் அதையே சொல்வார். அரசு அனுப்பிய நிறுத்தக் கடிதத்தை இணைத்து, “சிப் தகுதி இழப்பால் 60 நாள் சிறப்புச் சேர்க்கை கேட்கிறேன்” என்று தேதி போட்டு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாய்ச் சொல்லாகக் கேட்டால் பிறகு தேதியை நிரூபிக்க முடியாது. நாளை எண்ணுவது காப்பீடு முடிந்த தேதியிலிருந்து. கடிதம் கைக்கு வந்த தேதியிலிருந்து அல்ல.

சேர்க்கை கிடைத்தாலும், நீங்கள் கேட்ட நாளுக்கு அடுத்த மாதம் 1-ஆம் தேதியிலிருந்துதான் அநேகமாகத் தொடங்கும். நடுவில் இருக்கும் வாரங்களுக்கு ஏதும் இல்லை. ஆகவே நிறுத்தக் கடிதம் வந்த அன்றே எழுதுவதுதான் புத்திசாலித்தனம்.

நின்றதற்கான காரணத்தையும் கடிதத்தில் பாருங்கள். வருமானம் கூடியதால் என்றால் மேலே சொன்னது. புதுப்பிக்கும் படிவத்தைத் திருப்பி அனுப்பாததால் என்றால், 90 நாளுக்குள் அதே படிவத்தை நிரப்பிக் கொடுத்தால் புது விண்ணப்பம் இல்லாமலே தகுதியை மறுபடி பார்ப்பார்கள். மாதக் கட்டணம் கட்டாததால் நின்றிருந்தால் அது தகுதி இழப்பு ஆகாது. கம்பெனியின் கதவு அதற்குத் திறக்காது.

இன்னொன்று. 2024 ஜனவரி 1 முதல் எல்லா மாநிலங்களிலும் 19 வயதுக்குட்பட்டவர்களுக்கு மெடிகெய்ட், சிப் தகுதி 12 மாதம் தொடர்ந்து இருக்க வேண்டும் என்பது சட்டம். நடுவில் சம்பளம் கூடியதற்காக நிறுத்த முடியாது. உங்களுக்குப் புதுப்பிக்கும்போது நின்றதால் அது சரிதான். ஐந்தாம் மாதத்தில் நின்றிருந்தால் மேல்முறையீடு செய்திருக்கலாம்.

கேள்வி: சங்கக் கூட்டத்தில் ஒரு வாக்குவாதம். “அரசு குழந்தைகளுக்குக் காப்பீடு கொடுப்பதால்தான் கம்பெனிகள் குடும்பக் காப்பீட்டைக் கைவிடுகின்றன” என்றார் ஒரு நண்பர். ஆராய்ச்சி என்ன சொல்கிறது?

பதில்: பொருளாதாரத்தில் இதற்கு ‘கிரௌட் அவுட்’ என்று பெயர், ஓரம்தள்ளுதல் என்று சொல்லலாம். தீர்ப்பு ஒற்றைச் சொல்லில் இல்லை, ஆனால் எந்தக் கேள்விக்கு எந்த எண் என்று பிரித்தால் விஷயம் தெளியும்.

பொருளாதார நிபுணர்கள் டேவிட் கட்லரும் ஜொனதன் குரூபரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, 1987 முதல் 1992 வரை மெடிகெய்ட் விரிந்ததைப் பார்த்தது. அரசுக் காப்பீட்டில் கூடிய எண்ணிக்கையில் சுமார் பாதி அளவுக்குத் தனியார் காப்பீடு குறைந்தது என்றது. சிப் வந்த பிறகு நாடாளுமன்றத்தின் பட்ஜெட் அலுவலகம் 2007-இல் ஆய்வுகளைத் தொகுத்து, சிப்பில் சேரும் ஒவ்வொரு 100 குழந்தைக்கும் தனியார் காப்பீட்டில் 25 முதல் 50 குழந்தைகள் வரை குறைவதாகக் கணித்தது. 2014-இல் நாடாளுமன்றத்துக்குப் போன மதிப்பீடு 10 மாநிலங்களில் குடும்பங்களையே கேட்டது. புதிதாகச் சேர்ந்தவர்களில் முந்தைய 12 மாதத்தில் தனியார் காப்பீடு இருந்தவர்கள் 13 சதவீதம்தான். நினைத்தால் அதைத் தொடர்ந்திருக்கக்கூடியவர்கள் வெறும் 4 சதவீதமாகக்கூட இருக்கலாம் என்றது.

50 எங்கே, 4 எங்கே? இரண்டும் ஒரே பொருளை அளக்கவில்லை. குடும்பங்களைக் கேட்கிற ஆய்வு, சேர்ந்த அன்று யார் எதை விட்டார்கள் என்று பார்க்கிறது. மற்றது, இந்தத் திட்டமே இல்லாதிருந்தால் எத்தனை பேர் கம்பெனிக் காப்பீட்டில் இருந்திருப்பார்கள் என்று கணிக்கிறது. ஓரம்தள்ளுதலில் பெரும்பங்கு ‘விடுவது’ அல்ல, ‘சேராமல் இருப்பது’. வேலை போகிறது, பிள்ளை சிப்பில் சேர்கிறது, ஆறு மாதத்தில் புது வேலை கிடைக்கிறது. அங்கே குடும்ப அடுக்குக்கு 600 டாலர் என்றதும் அப்பா தனி ஆளாக மட்டும் சேர்கிறார். இவர் எதையும் விட்டவர் அல்ல. ஆனாலும் கணிப்பில் வருவார்.

நண்பர் சொன்ன ‘கம்பெனிகள் கைவிடுகின்றன’ என்பதில் பாதி உண்மை உண்டு. 50 முழுநேர ஊழியரோ அதற்கு மேலோ உள்ள கம்பெனி ஊழியருக்கும் அவரது பிள்ளைகளுக்கும் 26 வயதுவரை காப்பீடு தர முன்வர வேண்டும். ஆனால் விலை கட்டுப்படியாகிறதா என்று சட்டம் பார்ப்பது ஊழியரின் தனிக் காப்பீட்டுக்கு மட்டும். பிள்ளைகளுக்கான பங்கை முழுதும் ஊழியர் தலையில் போட்டாலும் கம்பெனிக்கு அபராதம் இல்லை. குழந்தை சிப்புக்குப் போனாலும் அபராதம் இல்லை. எனவே குறைந்த சம்பளக்காரர்கள் மிகுந்த நிறுவனம் குடும்பக் காப்பீட்டை நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. விலையை ஏற்றினால் போதும், ஆட்கள் தாமாகப் போய்விடுவார்கள். சுகாதாரக் கொள்கையை ஆராயும் கே.எஃப்.எஃப். அமைப்பின் 2025 கணக்கெடுப்பில் கம்பெனிக் குடும்பக் காப்பீட்டின் சராசரி விலை ஆண்டுக்கு 26,993 டாலர், அதில் ஊழியர் கட்டியது 6,850. தனிக் காப்பீட்டுக்கு ஊழியர் கட்டியது 1,440. குடும்பத்தைச் சேர்க்க ஆண்டுக்கு 5,410 டாலர் கூடுதல். ஆளை வெளியே தள்ளுகிற கை பெரும்பாலும் இந்த 5,410-தான் என்பது எங்கள் கருத்து.

எதிர்த்திசையில் இழுக்கும் ஒரு விசையும் உண்டு, வாக்குவாதங்களில் அது வருவதில்லை. 1990-இல் வந்த சட்டப்படி, ஏழைக் குடும்பங்களில் 1983 செப்டம்பர் 30-க்குப் பிறகு பிறந்த பிள்ளைகளை மெடிகெய்டில் மாநிலங்கள் சேர்த்தே ஆகவேண்டும் என்று ஆனது. அதற்கு முன் பிறந்த அண்ணனுக்கு அந்த உறுதி இல்லை, தம்பிக்கு உண்டு. அண்ணனுக்காகக் குடும்ப அடுக்கைக் கட்டித்தான் ஆகவேண்டும் என்றால், தம்பியை எடுப்பதால் என்ன மிச்சம்? நியூ ஜெர்சிக்காரரின் 610 டாலர் கணக்கில் பார்த்தோமே, அதே கணக்கு. வீட்டில் எல்லாப் பிள்ளைகளுக்கும் தகுதி வரும்போதுதான் கம்பெனிக் காப்பீட்டின் பிடி தளரும்.

அடுத்த கூட்டத்தில் நண்பரிடம் ஒன்று கேளுங்கள்: ஓரம்தள்ளப்பட்ட குழந்தை முன்பு இருந்த காப்பீடு எப்படிப்பட்டது? 4,000 டாலர் டிடக்டிபிள் உள்ள காப்பீட்டிலிருந்து, வழக்கமான குழந்தைப் பரிசோதனைக்கு ஒரு காசும் வாங்கக் கூடாத, பல் மருத்துவமும் கட்டாயமாகச் சேர்ந்த, குடும்பத்தின் மொத்தச் செலவு வருமானத்தில் 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாத சிப்புக்கு வந்திருந்தால், அதை வெறும் வீண்செலவு என்று எழுதிவிட முடியாது.

கேள்வி: பிள்ளைகளை மெடிகெய்டுக்கு மாற்றினால் என் எச்.எஸ்.ஏ. (வரியில்லா மருத்துவச் சேமிப்பு) கணக்கு பாதிக்குமா?

பதில்: பிள்ளைக்கு மெடிகெய்ட் இருப்பது உங்கள் தகுதியைத் தொடாது. ஆனால் பிள்ளைகளை எடுத்து நீங்கள் தனி ஆள் அடுக்குக்கு வந்துவிட்டால் போடக்கூடிய உச்சவரம்பு இறங்கும்: 2026-க்குக் குடும்பத்துக்கு 8,750 டாலர், தனி ஆளுக்கு 4,400. ஆண்டு நடுவில் மாறினால் மாதக் கணக்கில் பிரிப்பார்கள். சம்பளத்திலிருந்து பழைய தொகையே பிடிபட்டுக்கொண்டிருந்தால் மிகைத்தொகைக்கு ஆண்டுதோறும் 6 சதவீத வரி விழும். பேரோலில் அன்றே மாற்றச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்காகும் செலவுக்கு அந்தக் கணக்கிலிருந்து தொடர்ந்து எடுக்கலாம்.

கேள்வி: கம்பெனிக் குடும்பக் காப்பீடு என் வருமானத்தில் 14 சதவீதம் ஆகிறது. என் தனிக் காப்பீடு மலிவு. எல்லோரும் அரசின் காப்பீட்டுச் சந்தைக்கு (மார்க்கெட்பிளேஸ்) போய் மானியம் வாங்கலாமா? பிள்ளைகளுக்கு சிப் தகுதி இருக்கிறது.

பதில்: வீடு மூன்றாகப் பிரியும். உங்களுக்கு மலிவான தனிக் காப்பீடு இருப்பதால் மானியம் இல்லை. 2023 முதல் குடும்பத்தின் தகுதியைக் குடும்பக் கட்டணத்தை வைத்தே பார்க்கிறார்கள். 2026-இல் அது வருமானத்தில் 9.96 சதவீதத்தைத் தாண்டினால் மனைவிக்குச் சந்தையில் மானியம் கிடைக்க வழி உண்டு, வருமான வரம்புக்குள் இருந்தால். பிள்ளைகளுக்கு சிப் தகுதி இருப்பதால் மானியம் கிடையாது, சேராவிட்டாலும் கிடையாது. மூன்று அட்டை, மூன்று டிடக்டிபிள், மூன்று புதுப்பிக்கும் தேதி. மிச்சம் ஆண்டுக்கு ஆயிரம் டாலருக்குக் கீழே என்றால் இந்தத் தலைவலி தேவையா என்று யோசியுங்கள்.

கேள்வி: எச்-1பி விசாவில் இருக்கிறேன். மூத்தவள் எச்-4 (என்னைச் சார்ந்தவர் விசா), இளையவன் இங்கே பிறந்தவன். அரசுக் காப்பீடு வாங்கினால் கிரீன் கார்டு போய்விடுமா?

பதில்: இளையவன் அமெரிக்கக் குடிமகன், மற்ற எந்தக் குழந்தையையும் போல அவனுக்குத் தகுதி. மூத்தவளுக்கு மாநிலத்தைப் பொறுத்தது: 2009 சட்டம், சட்டப்படி தங்கியிருக்கும் குழந்தைகளை ஐந்தாண்டுக் காத்திருப்பு இல்லாமல் சேர்க்க மாநிலங்களுக்கு விருப்பம் கொடுத்தது, செல்லுபடியாகும் விசாவில் இருப்பவர்களும் அதில் அடக்கம். பெரும்பாலான மாநிலங்கள் எடுத்திருக்கின்றன.

2022-இல் வந்த ‘பப்ளிக் சார்ஜ்’ விதி (விண்ணப்பதாரர் அரசுக்குப் பாரம் ஆவாரா என்று பார்ப்பது), சிப்பையும், நீண்டகால நிறுவனப் பராமரிப்பு தவிர்ந்த மெடிகெய்டையும் கணக்கில் எடுக்கவில்லை. குடும்பத்தினர் வாங்கியதை விண்ணப்பதாரர் மீது ஏற்றவும் இல்லை. ஆனால் அந்த விதியை நீக்கும் முன்மொழிவு 2025 நவம்பரில் வெளியாகியிருக்கிறது. ஆகவே மூத்தவளைச் சேர்க்கும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் அன்றைய நிலையைக் கேளுங்கள். எப்படியும் அரசுக் காப்பீட்டில் சேரும்படி உங்களைக் கம்பெனியோ விசாவோ கட்டாயப்படுத்தாது. கம்பெனிக் காப்பீட்டிலேயே அவளை வைத்துக்கொண்டால் குடும்ப அடுக்கு மாறாது என்பதால், இளையவனை எடுப்பதால் உங்களுக்கு மிச்சமும் இருக்காது. மெடிகெய்ட் வருமானத்துக்குள் இருந்தால் அவனுக்கு அதை இரண்டாவது காப்பீடாகச் சேர்ப்பது நல்ல வழி.

கேள்வி: ஒஹாயோவில் சிப் என்று தனியாக இல்லையாம், எல்லாம் மெடிகெய்டாம். அப்படியானால் கம்பெனிக் காப்பீட்டை வைத்துக்கொண்டே சேரலாம்தானே?

பதில்: முழுதாக இல்லை. அங்கே வேறு காப்பீடு இல்லாத குழந்தைக்கு வறுமைக்கோட்டில் 206 சதவீதம் வரை, இருக்கிற குழந்தைக்கு 156 சதவீதம் வரை. பெயர் ஒன்றானாலும் மேல் பகுதிக்கு வருகிற பணம் சிப் பணம், அதன் நிபந்தனையும் கூடவே வரும்.

கேள்வி: மகனுக்கு மே மாதம் 19 முடிகிறது. சிப்பில் இருக்கிறான். கல்லூரியிலும் இருக்கிறான். என்ன செய்வது?

பதில்: 19-ஆவது பிறந்தநாளோடு சிப் முடியும், பெரும்பாலான மாநிலங்களில் அந்த மாதக் கடைசிவரை ஓடும். வயது தாண்டுவதும் தகுதி இழப்புதான், எனவே அதே 60 நாள் உங்கள் கம்பெனியில் உண்டு. 26 வயதுவரை வைத்துக்கொள்ளலாம், படிக்கிறானா, கல்யாணம் ஆனதா என்று கேட்க மாட்டார்கள். முடியும் தேதி போட்ட கடிதத்தை ஏப்ரலிலேயே சிப் அலுவலகத்தில் கேட்டு வாங்கி, மே மாதமே எச்.ஆரிடம் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். ஜூன் 1-இல் புது அட்டை தொடங்கும். வெளி மாநிலக் கல்லூரி என்றால் கம்பெனித் திட்டத்தின் நெட்வொர்க் அந்த ஊரில் இருக்கிறதா என்பதையும் சேர்க்கும் முன்பே பாருங்கள்.